எழுந்து நிற்க எடுக்கும் நேரம்

நாய் நொண்டத் தொடங்குவதற்கு வெகுநாள் முன்பே அதற்கு வலிக்கத் தொடங்கிவிடுகிறது. வலி முதலில் தெரிவது காலில் அல்ல, பழக்கங்களில். சோபாவில் தாவி ஏறிக்கொண்டிருந்த நாய் ஒருநாள் அதன் முன்னால் சற்று நின்றுவிட்டுத் தரையிலேயே படுத்துக்கொள்கிறது. அழைப்புமணி கேட்டதும் முதல் ஆளாக வாசலுக்கு ஓடியது, இப்போது படுத்த இடத்திலிருந்தே குரைக்கிறது. ஆண் நாய் சுவரோரம் காலைத் தூக்குவதை விட்டுவிடுகிறது. உட்காரும்போது ஒரு பின்னங்காலை வெளியே சரியவிட்டு ஒருக்களித்து உட்கார்கிறது. முன்னங்காலின் ஒரே இடத்தை விடாமல் நக்கி அங்கே மயிர் பழுப்பேறிப் போயிருக்கிறது. பாதத்தைத் தூக்கி வைக்காமல் இழுத்து வைப்பதால் பின்னங்கால் நகங்களின் முனை தேய்ந்திருக்கிறது. குழந்தை ஓடிவந்து மேலே விழுந்து கட்டிக்கொண்டால் எழுந்து வேறு மூலைக்குப் போகிறது. ஆயுளில் யாரைப் பார்த்தும் உறுமாத நாய் ஒருநாள் உறுமியும்விடுகிறது.

இவற்றையெல்லாம் வீட்டில் எல்லோரும் பார்க்கத்தான் செய்கிறார்கள். பார்த்துவிட்டு, "அவனுக்கு வயசாயிடுச்சு" என்கிறார்கள். பரிவோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைச் சொன்ன மாத்திரத்தில் கவனிப்பது நின்றுவிடுகிறது. வயதுக்கு மருந்தில்லை, ஆகவே மூட்டுக்கும் மருந்தில்லை என்று அந்த விஷயம் அங்கேயே முடிந்துபோகிறது. மூட்டுவாதம் கண்ட நாய்களைப் பல வீடுகளில் பார்த்து வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. நாயிடம் அன்பில்லாத வீடு மிகக் குறைவு. அந்த அன்பு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, அளந்து பார்த்து, அன்றாடம் சலிப்பூட்டும் சில காரியங்களைச் செய்வதாக மாறும் வீடுதான் அரிது.

நாய்களின் மூட்டுவாதம் பெரும்பாலும் கிழப்பருவத்தில் பிறப்பதில்லை. குட்டியாக இருக்கும்போதே இடுப்பெலும்பின் குழியும் தொடையெலும்பின் பந்தும் சரியாகப் பொருந்தாமல் வளர்ந்துவிடும். முழங்கை எலும்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் போகும். அல்லது ஒரு திடீர்த் திருப்பத்தில் பின்னங்கால் முட்டியின் தசைநார் அறுந்துவிடும். தேய்மானம் அங்கிருந்து தொடங்கி, ஏழெட்டு வயதில்தான் நம் கண்ணுக்கு வருகிறது. இடுப்பு மூட்டின் இந்தக் குறையை ஷ்னெல்லே என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 1935இலேயே விவரித்து எழுதினார். இனவிருத்திக்கு விடும் நாய்களின் இடுப்பை எக்ஸ்ரே எடுத்துத் தரம் பிரிப்பதற்கென்றே 1966இல் அங்கே ஓர் அறக்கட்டளை தோன்றியது. இங்கே லேப்ரடார் குட்டியும் ஜெர்மன் ஷெப்பர்டு குட்டியும் வாங்கப் போகிறவர்கள் காது மடல், வாலின் நீளம், சான்றிதழ் எல்லாம் கேட்கிறார்கள். தாய் தகப்பனின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

எங்கள் வீட்டுச் செவலை தெருவில் பிறந்தவள். குட்டியாக இருந்தபோது மோட்டார் சைக்கிள் ஏறி, கோணலாகக் கூடிய பின்னங்காலோடுதான் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய முட்டிக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள நான் படிக்க ஆரம்பித்தபோது என்னை மிகவும் யோசிக்க வைத்தது குருத்தெலும்பின் வாழ்க்கை முறை. எலும்பு முனைகளை மூடியிருக்கும் அந்தக் குருத்தெலும்பில் நரம்பும் கிடையாது, ரத்தக்குழாயும் கிடையாது. நரம்பில்லாததால் அது தேயும்போது வலிப்பதில்லை. மூட்டுறை வீங்கி, அடியிலிருக்கும் எலும்பு நேரடியாகப் பாரம் தாங்கத் தொடங்கிய பிறகே நாய்க்குத் தெரிகிறது. ரத்தம் வராததால் அதற்கு வேண்டிய ஊட்டம் மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்து வருகிறது. கால் ஊன்றி எடுக்கும் ஒவ்வொரு முறையும் குருத்தெலும்பு அமுங்கி விரிந்து அந்தத் திரவத்தை உள்ளே வாங்குகிறது. ஆக, மூட்டு சாப்பிடுவது நடக்கும்போதுதான். பாவம், வலிக்கிறதே என்று நாயை நாள் முழுக்கப் படுக்க வைத்தால் மூட்டு பட்டினி கிடக்கிறது. கூடவே தொடைத் தசை வற்றுகிறது. தளர்ந்த மூட்டைக் கட்டி நிறுத்துவது தசை என்பதால், அது வற்ற வற்ற மூட்டு இன்னும் ஆடுகிறது, இன்னும் வலிக்கிறது, நாய் இன்னும் குறைவாக நடக்கிறது. நெடுநாள் நீடித்த வலி தண்டுவடத்து நரம்புகளையும் கூர்மையாக்கிவிடுகிறது. பிறகு சாதாரணத் தொடுகையே வலியாகப் போய்ச் சேரும். இந்தச் சுழலை ஏதாவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். எங்கே எளிதாக அறுக்கலாம் என்பதுதான் கேள்வி.

1903இல் தொடங்கப்பட்டு இப்போது வேப்பேரியில் இயங்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் ஒரு காலை நேரம் உட்கார்ந்திருந்தால் இதற்குப் பாதி பதில் கிடைத்துவிடும். அங்கே ஒருமுறை எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் காத்திருந்தார்கள். பெரியவர் முட்டியில் பட்டை போட்டிருந்தார். காலடியில் அவர்களுடைய லேப்ரடார், அகன்ற முதுகோடு மூச்சிரைத்துக்கொண்டு. மருத்துவரான இளம்பெண் வந்ததும் நாயைத் தொடவே இல்லை. "அந்த மரம் வரைக்கும் கூட்டிட்டுப் போய்த் திரும்பி வாங்க ஐயா" என்றார். அவர் கவனித்தது நாயின் தலையை. வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது நாய் தலையைத் தூக்கும், நல்ல கால் ஊன்றும்போது தாழ்த்தும். அந்தச் சின்ன ஆட்டத்தில் எந்தக் கால் என்பது தெரிந்துவிடும். அதன்பின் மெதுவாக ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"என்ன சாப்பிடறான் ஐயா?"

"ரெண்டு வேளை சோறும் கோழியும்தாம்மா. வேற ஒண்ணும் இல்ல."

"நடுவுல?"

"நான் டீ குடிக்கறப்ப பிஸ்கட் போடுவேன். அவ்வளவுதான்."

அந்த அம்மா தரையைப் பார்த்தபடி, "நான் தயிர்சாதம் கொஞ்சம் வெப்பேன், நெய் விட்டு. மத்தியானம் தனியாத்தான இருக்கோம், ரெண்டு பேரும்" என்றார்.

மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. நாயின் விலாவில் அந்த அம்மாவின் கையை எடுத்து வைத்து, "எலும்பு தட்டுப்படுதா பாருங்கம்மா" என்றார். தட்டுப்படவில்லை. கையை விரித்து நீட்டி, புறங்கையைத் தடவினால் எலும்புகள் எப்படித் தெரிகின்றனவோ அப்படி விலா தெரிய வேண்டும் என்று தடவிக் காட்டினார். அந்த அம்மா தன் புறங்கையையும் நாயின் விலாவையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூட்டுவாதத்தில் சுழலை அறுக்க மிக உறுதியான இடம் எடை. இதற்கான சான்று ஒரு நீண்ட ஆய்வில் கிடைத்தது. பியூரினா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 48 லேப்ரடார் குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, எட்டு வார வயது முதல் ஆயுள் முழுக்கத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்குக் கிடைத்ததைவிட மற்றதற்கு 25 விழுக்காடு குறைவாகச் சாப்பாடு. முடிவுகள் 2002இல் வெளிவந்தன. கூடச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைத்துச் சாப்பிட்டவற்றுக்கு 13. கூடச் சாப்பிட்ட நாய்களில் பாதிக்கு மூட்டுவாத சிகிச்சை தேவைப்பட்ட வயது 10.3, குறைத்துச் சாப்பிட்டவற்றில் அது 13.3. எந்த மாத்திரையும் நாய்க்கு வலியில்லாத மூன்று ஆண்டுகளை இப்படிக் கொடுத்ததாக எனக்குத் தெரியாது. ஏற்கெனவே பருத்து நொண்டும் நாய்க்கும் காலம் கடந்துவிடவில்லை. உடல் எடையில் 6 விழுக்காடு குறைந்ததுமே நொண்டல் குறையத் தொடங்குவதை 2010இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 40 கிலோ நாய்க்கு இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு. சில மாதங்களில் மெதுவாகக் குறைத்துவிடலாம்.

ஆனால் இதுதான் இருப்பதிலேயே கடினமானது என்பதையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் நாயோடு நடக்கும் உரையாடல் பெரும்பாலும் சாப்பாட்டின் வழியாகத்தான். அதிலும் பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட வீட்டில், மத்தியானத் தயிர்சாதத்தை நிறுத்தச் சொல்வது ஒரு துணையை நிறுத்தச் சொல்வது. அந்த நேரத்தை விட்டுவிட வேண்டாம், உருண்டையை மாற்றினால் போதும் என்பது என் அபிப்பிராயம். உப்பில்லாமல் வேகவைத்த பூசணிக்காய், பீன்ஸ், ஒரு துண்டு வெள்ளரி. கையிலிருந்து வருவதுதான் நாய்க்கு முக்கியம். நெய்யின் வாசனைக்கு அது சிலநாள் ஏங்கும், பிறகு வெள்ளரிக்கும் அதே ஆவலோடு வந்து நிற்கும்.

அடுத்தது தரை. கடந்த முப்பது வருடங்களில் தமிழ்நாட்டு வீடுகளின் தரை முழுக்க மாறிவிட்டது. மண் முற்றமும் சொரசொரத்த சிமெண்டுத் தரையும் போய், முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் டைல்ஸ் வந்துவிட்டது. துடைக்கச் சுலபம், பார்க்க அழகு. மூட்டு தளர்ந்த நாய்க்கு அதன்மேல் ஒவ்வோர் அடியும் பயம். செவலை டைல்ஸ் தரையில் எழுந்திருப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் முன்னங்கால்களை நீட்டி ஊன்றி நெஞ்சைத் தூக்குவாள். பின்பாரம் வராது. நகங்கள் தரையில் கீறும் சத்தம் கேட்கும். பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் விரியும். அப்படியே பாதி உட்கார்ந்த நிலையில் காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பாள். மறுபடி ஒரு உந்தல். நின்றதும் உடம்பை உதறுவாள், ஒரு தரம் தள்ளாடுவாள், முதல் நாலைந்து அடி மரக்கட்டையாக வைப்பாள். அதற்குப் பிறகு நடை இளகிவிடும். இப்படி முதல் அடிகள் இறுகி, பிறகு இளகுவதே மூட்டுவாதத்தின் அடையாளம். வாசல் தாண்டி மண்ணில் கால் வைத்துவிட்டால் அவள் வேறு நாய்.

இதற்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை. படுக்கையிலிருந்து தண்ணீர்க் கிண்ணம், அங்கிருந்து வாசல், வாசலிலிருந்து நாம் வழக்கமாக உட்காரும் நாற்காலி என்று அது நடக்கும் தடத்தைக் கவனித்து, அந்தத் தடம் நெடுக ஏதாவது விரித்துவிட வேண்டும். கோரைப்பாய் உதவாது, டைல்ஸின் மேல் பாயே வழுக்கும். அடியில் ரப்பர் ஒட்டிய தென்னைநார் விரிப்பு நன்றாகப் பிடிக்கும். பழைய யோகா விரிப்பை நீளவாக்கில் வெட்டிப் போடலாம். பாத மெத்தைகளுக்கு நடுவே வளர்ந்து தொங்கும் மயிரைக் கத்தரித்து, நகத்தை வெட்டிவிட்டால் இன்னும் பிடிமானம் கூடும். படுக்கை கனமாக இருக்க வேண்டும். எலும்பு முட்டும் இடங்களில் தரை தட்டக் கூடாது. மார்கழிக் குளிரிலும் ஏசி அறையிலும் வெறும் தரையில் விடக் கூடாது. சாப்பாட்டுத் தட்டை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வைத்தால் முன்னங்காலில் வலி உள்ள நாய் குனியத் தேவையில்லை. லிஃப்ட் இல்லாத மாடி வீட்டுக்காரர்களுக்குப் படிதான் பெரும்பாடு. பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து, பின்னங்கால்களுக்கு முன்னால் அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனையையும் மேலே கையில் பிடித்துக்கொண்டால் நாயின் பின்பாரத்தில் பாதியை நாம் சுமந்துகொள்ளலாம். சங்கிலியைக் கழுத்துப் பட்டையில் கோப்பதைவிட மார்புப் பட்டையில் கோப்பது நல்லது.

நடை விஷயத்தில் ஒரு தவறான பெருந்தன்மை உண்டு. வாரம் முழுக்க பால்கனியில் வைத்திருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் ஒரு மணி நேரம் ஓடவிடுவது. திங்கட்கிழமை அந்த நாயால் எழுந்திருக்க முடியாது. அதற்குப் பதிலாகப் பத்துப் பதினைந்து நிமிடமாக ஒவ்வொரு நாளும் காலை, மாலை, இரவு என்று நடத்தினால் மூட்டுக்குத் தீனியும் கிடைக்கும், தசையும் நிற்கும். பந்து எறிவதை விட்டுவிடலாம். திடீரென்று பாய்வதும் சறுக்கி நிற்பதும் காற்றில் திரும்பிக் குதிப்பதும் அந்த மூட்டுக்கு வேண்டாத வேலை. நாய்க்கு மோப்பம் பிடிக்க நேரம் கொடுக்க வேண்டும். கம்பத்துக்குக் கம்பம் நின்று முகர்ந்து வரும் நடை, நாய்க்கு நிறைவான நடை.

தண்ணீர் ஒரு வரம். நாயை எவ்வளவு ஆழத்தில் நிறுத்தினால் கால்களில் எவ்வளவு எடை இறங்குகிறது என்று 2010இல் அளந்திருக்கிறார்கள். பின்னங்கால் முட்டியளவு தண்ணீரில் உடல் எடையில் 85 விழுக்காடு. இடுப்பு மூட்டளவு ஏறியதும் அது 38 ஆகக் குறைந்துவிடுகிறது. தண்ணீருக்குள் ஓடும் நடைப்பட்டை வைத்த சிகிச்சையின் அடிப்படை இதுதான். பெருநகரங்களில் சில இடங்களில் இப்போது வந்திருக்கிறது, செலவும் அதிகம். கொங்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பம்ப்செட் தொட்டிக்குள் ஒரு கிழட்டு நாயை இறக்கி, வயிற்றுக்கடியில் கை கொடுத்து, தொட்டியின் நீளத்துக்கு நடக்க வைத்துக்கொண்டிருந்த பையனைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. தண்ணீரில் அது நொண்டுவதில்லை என்று கவனித்திருக்கிறான். கவனித்ததை வைத்துக்கொண்டு செய்கிறான். கிணற்றில் மட்டும் இறக்கக் கூடாது, ஏறிவரச் சரிவு இல்லாத எந்த நீரிலும்.

மருந்து பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரும். மனிதர்களுக்கான வலி மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கி உடைத்துப் போடும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. ஐபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலி தைலங்களில் உள்ள கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும், நாய் நக்கினால் உள்ளே போகும். அது நக்காமல் இருக்காது. நாய்க்கென்று சோதிக்கப்பட்ட மருந்துகள் இருக்கின்றன: கார்ப்ரோஃபென், மெலாக்சிகாம், ஃபைரோகாக்சிப். மருத்துவர் எடை பார்த்து, ரத்தத்தில் ஈரலும் சிறுநீரகமும் பார்த்துத் தரும்போது இவை பெரிய நிம்மதி. சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தாலோ மலம் கறுத்துப் போனாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நாய் நன்றாக நடக்கிறதே என்று நாமாக மாத்திரையை நிறுத்தி, நொண்டினால் மீண்டும் தொடங்குவது சரியான முறை அல்ல. நன்றாக நடக்கும் காலத்தில்தான் தசை வளர்கிறது.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு, அதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. நொண்டும் மாடுகளுக்கு நாடு முழுக்கக் கொடுக்கப்பட்ட மருந்து டைக்ளோஃபினாக். அந்த மாடு செத்து, அதன் உடலைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டங்கூட்டமாக மடிந்தன. காரணம் இன்னதென்று 2004இல் கண்டுபிடிக்கப்பட்டபோது வெண்முதுகுப் பாறுகள் இந்தியாவில் கிட்டத்தட்டத் துடைத்தெறியப்பட்டிருந்தன. அழுகும் சடலங்களை உண்ணக் கழுகுகள் இல்லாத இடத்தில் தெருநாய்கள் பெருகின. 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கை இந்தியா தடை செய்தது. அதே ஆண்டு, பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மாற்று மருந்தென்று ஆய்வில் தேறியது மெலாக்சிகாம். மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் பாறுகள் கூடு கட்டுகின்றன. செவலையின் சோற்றில் நான் கலக்கும் மாத்திரைக்கும் அந்தக் கூடுகளுக்கும் இப்படியொரு உறவு இருக்கிறது. ஒரு விலங்கின் வலியைத் தீர்க்க எதைக் கொடுக்கிறோம் என்பது அந்த விலங்கோடு நின்றுவிடுவதில்லை.

புதிய மருந்துகளும் வருகின்றன. ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கு 1986இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த நரம்பு வளர்ச்சிக் காரணி வலியைத் தூண்டுவதிலும் பங்கெடுக்கிறது என்பதைக் கொண்டு, அதைத் தடுக்கும் மாதாந்திர ஊசி ஒன்று உருவானது. அமெரிக்காவில் 2023இல் அனுமதி கிடைத்தது. பல நாய்கள் நன்றாக நடந்தன. சில நாய்களுக்குத் தள்ளாட்டமும் வலிப்பும் வந்ததாகப் புகார்கள் சேர்ந்து, 2024 டிசம்பரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. பழைய மருந்தான டிரமடால், நாய்களின் மூட்டுவாதத்தில் வெற்று மாத்திரையைவிட மேலானதல்ல என்று 2018இல் தெரியவந்தது. கடைகளில் அதிகம் விற்கும் குளுக்கோசமின் பொடிகளையும் மாத்திரைகளையும் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த மாண்ட்ரியல் பல்கலைக்கழகக் குழு, 2022இல் அவற்றால் பயனில்லை என்றே எழுதியது. அதே குழு ஒமேகா-3 கொழுப்புக்கு நல்ல சான்று இருப்பதாகச் சொன்னது. நம் கடற்கரையில் கிடைக்கும் மத்தி மீனில் அது நிறைய இருக்கிறது. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து முள் நீக்கிக் கொடுக்கலாம், அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்துக்கொண்டு. சிகிச்சை அளவு வேண்டுமென்றால் மருத்துவர் சொல்லும் மீனெண்ணெய் தேவைப்படும்.

பயனில்லாத பொடி ஏன் இவ்வளவு விற்கிறது? விளம்பரம் மட்டும் காரணமல்ல. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கான்செமியஸும் எவன்ஸும் 2012இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமானதாகப் படுகிறது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுக்கப்பட்ட 58 நாய்களை, கால் தரையை அழுத்தும் விசையை அளக்கும் மேடையில் நடக்கவிட்டார்கள். பெரும்பாலான நாய்களில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் வளர்ப்பவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவுக்கு, நாய் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். மருத்துவர்களின் கண்ணும் ஏறக்குறைய அதே அளவு ஏமாந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. தேற வேண்டும் என்று அவ்வளவு விரும்பினார்கள், அதனால் தேறியதாகத் தெரிந்தது. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய கலக்கம் ஏற்பட்டது. மனிதரிடத்தில் இந்த மயக்கம் நோயாளிக்கே கொஞ்சம் ஆறுதல் தரும். அவர் நம்புகிறார், வலி சற்றுத் தணிகிறது. இங்கே ஆறுதல் முழுக்க நமக்கு, வலி முழுக்க நாய்க்கு. நாம் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவோம், அது இரவெல்லாம் இடம் மாற்றி மாற்றிப் படுத்துக்கொண்டிருக்கும்.

அதனால்தான் அளக்கச் சொல்கிறேன். மாதத்தில் ஒருநாள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நாய் எழுந்திருப்பதையும் நடப்பதையும் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் போனில் படம் எடுத்து வையுங்கள். தையற்காரரின் இஞ்ச் டேப்பால் இரண்டு தொடைகளின் சுற்றளவையும் குறித்து வையுங்கள். எடையைக் குறித்து வையுங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நாய்களின் வலிக்கென உருவாக்கிய கேள்விப்பட்டியல் ஒன்று உண்டு. படுத்து எழுவது, நடப்பது, ஓடுவது, படி ஏறுவது ஆகியவற்றுக்கு வலி எவ்வளவு தடையாக இருந்தது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போடச் சொல்கிறது. வாரம் ஒருமுறை ஒரு நோட்டில் அதைப் போட்டு வந்தால், மூன்றாம் மாதம் மருத்துவர் முன் உட்காரும்போது "பரவாயில்ல டாக்டர்" என்ற பதிலைவிட உபயோகமான ஒன்று கையில் இருக்கும். நாய் மிகவும் நேசித்த ஒரு காரியத்தையும் அதில் எழுதி வைப்பது நல்லது. பால்காரரை எதிர்கொள்ளக் கேட்டுவரை போவது, மாமரத்தடியில் குழி தோண்டுவது என்று ஏதாவது ஒன்று. அதைச் செய்கிறதா, விட்டுவிட்டதா, மறுபடி தொடங்கியிருக்கிறதா? செவலை மழை நின்றதும் மொட்டைமாடிக்குப் போவதை விட்டிருந்தாள். எடை குறைந்து, மாத்திரை ஒழுங்காகப் போய், படிகளில் விரிப்பு போட்ட பிறகு ஒரு ஐப்பசியில் தானாக ஏறிப் போனாள். படத்தில் இருக்கிறது, என் ஆசை கற்பித்ததல்ல.

வெதுவெதுப்பான ஒத்தடம், விரல்களால் தொடைத் தசையை மெல்லப் பிடித்துவிடுவது, வலிக்காத அளவுக்கு மூட்டை மடக்கி நீட்டுவது ஆகியவற்றைப் பிசியோதெரபி தெரிந்தவரிடம் ஒருமுறை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். எல்லாம் செய்தும் வலி அடங்காத நாள் சில நாய்களுக்கு வரும். அப்போது மருத்துவரோடு உட்கார்ந்து பேசி எடுக்கும் அந்தக் கடைசி முடிவும் கவனிப்பின் பகுதிதான் என்பதைத் தவிர இங்கே மேலதிகமாகச் சொல்ல விரும்பவில்லை.

"மனுஷங்களுக்கே பார்க்க ஆள் இல்ல, நாய்க்கு இவ்வளவா?" என்று கேட்பவர்கள் உண்டு. உறவினர்களே கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, கோபப்பட ஒன்றுமில்லை. மேலே சொன்னவற்றில் பெரும்பகுதிக்குக் காசு தேவையில்லை என்பது ஒரு பதில். சோற்றைக் குறைப்பது செலவல்ல, மிச்சம். இன்னொரு பதில் மிகப் பழையது. ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காசலில் 1914இல் ஒரு கல்லறை கிடைத்தது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முந்தையது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஏழு மாதம்கூட நிரம்பாத ஒரு நாய்க்குட்டி. அதன் பற்களை 2018இல் மீண்டும் ஆராய்ந்தவர்கள், அந்தக் குட்டிக்கு டிஸ்டெம்பர் போன்ற கடும் நோய் அடுத்தடுத்துத் தாக்கியிருக்க வேண்டும் என்றும், வாரக்கணக்கில் யாரோ அதைப் பராமரித்திருக்காவிட்டால் அவ்வளவு நாள் பிழைத்திருக்காது என்றும் எழுதினார்கள். வேட்டைக்குப் போக முடியாத, காவலுக்கு ஆகாத ஒரு குட்டி. அந்த மனிதர்களுக்கு வயலும் இல்லை, களஞ்சியமும் இல்லை. அடுத்த வேளை உணவை அன்றன்று தேடியவர்கள் அவர்கள்.

வீடுள்ள நாய்களைப் பற்றியே இவ்வளவும் சொன்னேன். தெருவில் கிழமாகும் நாய்க்குத் தராசும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஆனால் அதற்கும் அதே மூட்டுகள். குட்டியில் வண்டி ஏறிய கால், கல்லெறி பட்ட முட்டி, மழையில் ஊறிய நடைபாதை. தொடர்ந்து சோறு வைப்பவர்கள் இருந்தால், அதன் படுக்கும் இடத்தில் மடித்த சாக்கு ஒன்றைப் போடுங்கள், நனைந்தால் மாற்றுங்கள். நடை மிகவும் மோசமானால் போனில் படம் எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். இரவில் அந்த நாய்கள் காருக்கடியில் படுக்கின்றன. மழைக்கு அது கூரை, குளிருக்கு என்ஜினின் மிச்சச் சூடு. விடிகாலையில் சாவி திருப்பும் சத்தம் கேட்டதும் இளம் நாய்கள் எழுந்து ஓடிவிடும். மூட்டு இறுகிப் படுத்திருக்கும் கிழநாய்க்கு முன்னங்காலை ஊன்றி, பின்பாரத்தைத் தூக்கி, முதல் அடியை வைக்கவே நேரம் ஆகும். வண்டியை எடுப்பதற்கு முன் ஒருமுறை குனிந்து கீழே பாருங்கள். நாய் இருந்தால் குரல் கொடுங்கள். அது முழுக்க எழுந்து வெளியே வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.